கனத்தை வேலியும் ஜெனீவா வாக்கும்

வணக்கம் ஐயா,

நான் ஒரு ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையில் ஒரு வாக்குவாதம். ஐரோப்பாவுக்குக் குறைந்த வரியில் ஆடை அனுப்ப உதவும் ஜீஎஸ்பி பிளஸ் சலுகைக்காக ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமை, மத சுதந்திரம் என்றெல்லாம் கேட்பதைப் பற்றி. கூட வேலை செய்யும் ஒருவர், "எங்கள் பன்சலையும் கோயிலும் பள்ளிவாசலும் அவர்களுக்கு எதற்கு? முகத்திரையைத் தடை செய்த நாடுகள்தானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மாமி, ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாக் கூட்டத்தொடர் வரும்போதெல்லாம் பதாகை பிடிக்கப் போகிறவர். அவரைக் கேட்டால் "சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்கிறார். எத்தனை வருடமாய்ப் பார்க்கிறது? வெளிநாடுகள் இதைத் தங்கள் வெளியுறவுக் கொள்கையில் வைத்திருப்பதால் இங்கே யாருக்காவது எதாவது நடந்திருக்கிறதா? இல்லை, எல்லாம் அவர்களுடைய நலன்தானா?

ர., வெள்ளவத்தை


அன்புள்ள ர.,

நடந்திருக்கிறது. அவர்களுடைய நலனும்தான். இதை ஒரு மழுப்பல் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இது விளங்கியது கொழும்பு பொரளையில் இருக்கும் கனத்தை மயானத்தின் வேலியோரத்தில்.

2020 டிசம்பரில் பொரளைப் பக்கமாக ஓட்டோவில் வந்துகொண்டிருந்தேன். மயான வாசலின் கம்பிகளில் வெள்ளைத் துணிகள் கட்டியிருந்தன. கைக்குட்டை, கிழித்த சேலைத் துண்டு, குழந்தைக்குப் போடும் துணி. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்தை மீறித் தகனம் செய்திருந்தார்கள். துணி கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். நானும் இறங்கி என் கைக்குட்டையைக் கட்டினேன். ஓட்டோக்காரர் சிங்களவர். அவர் ஒன்றும் பேசவில்லை, காத்திருந்த நேரத்துக்குக் காசும் எடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது கம்பிகள் மட்டும்தான் இருந்தன.

கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்ற அரசாணை, வர்த்தமானியில், அந்த ஆண்டு ஏப்ரலில் வந்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று சொன்னார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் டிசம்பர் 1ஆம் தேதி விசாரணைக்கே எடுக்கப்படாமல் தள்ளுபடியாயின. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைக்கலாம் என்றது. அறிவியல், நீதிமன்றம், வேலியில் கட்டிய துணி, எதுவும் அசைக்கவில்லை.

அப்புறம் பெப்ரவரி வந்தது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் 46ஆவது கூட்டத்தொடர் 22ஆம் தேதி தொடங்கியது. இலங்கை மீது ஒரு தீர்மானம் தயாராகிக்கொண்டிருந்தது. பேரவையில் 47 நாடுகள், அவற்றில் இஸ்லாமிய நாடுகள் பல. அவற்றின் வாக்கு கொழும்புக்குத் தேவை. 23ஆம் தேதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பில் வந்து இறங்கினார். அவர் நாடாளுமன்றத்தில் உரையாற்றுவதாக இருந்தது, அதை ரத்து செய்துவிட்டார்கள். 24ஆம் தேதி திரும்பிப் போனார். 25ஆம் தேதி, புதைக்கலாம் என்று வர்த்தமானி வந்தது. பத்து மாதம் நிலத்தடி நீரில் இருந்த ஆபத்து ஒரே இரவில் வற்றிப்போனது!

உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில். வெளிநாட்டு அழுத்தம் ஒரு குடும்பத்துக்கு ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, அடக்கம் செய்யத் திரும்பக் கொடுத்திருக்கிறது. பத்து மாதம் உள்ளூரில் கத்தியவர்கள் இல்லாவிட்டால் இம்ரான் கானுக்கு இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே தெரிந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் உங்கள் மாமியோடு போய்ப் பதாகை பிடித்திருப்பேன். வர்த்தமானி வந்த சில நாட்களில், புதைப்பதற்கு வடக்கில் இருக்கும் இரணைதீவைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிவித்தார்கள். வருடக்கணக்காகத் தங்கள் தீவுக்குத் திரும்பப் போராடி, கடைசியில் கடற்படையைத் தாண்டித் தாங்களாகவே போய் இறங்கிய தமிழ் கத்தோலிக்க மீனவர்களின் தீவு அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்து நின்றார்கள், முஸ்லிம் தலைவர்களும் அந்த இடம் வேண்டாம் என்றார்கள். ஒரு சமூகத்துக்குக் கொடுத்த உரிமையை இன்னொரு சமூகத்தின் முற்றத்தில் கொண்டுபோய் இறக்கி வைப்பதில் கொழும்புக்கு நல்ல பழக்கம் உண்டு. கடைசியில் மட்டக்களப்பில் ஓட்டமாவடி என்று முடிவானது. மார்ச் 5ஆம் தேதி முதல் அடக்கம். அதன் பிறகு ஒரு வருடம், கொழும்பில் இறந்தவரையும் காலியில் இறந்தவரையும் இராணுவ மேற்பார்வையில் அங்கேதான் கொண்டுபோனார்கள். கொழும்பு மாளிகாவத்தையில் வாழ்ந்தவருக்கு மாளிகாவத்தையில் ஆறடி இல்லை. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் அங்கே கிடக்கிறார்கள், அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் உண்டு.

ஜெனீவா கேட்டது "புதைக்க விடு" என்று. எங்கே, எப்படி, யாரைக் கேட்டு என்று கேட்க அங்கே யாருக்கும் அக்கறை இருக்கவில்லை.

வாக்கெடுப்பு மார்ச் 23ஆம் தேதி. ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. எங்கள் மையவாடிக்காக, அடக்கத் தலத்துக்காகப் பேசிய பாகிஸ்தான் இலங்கைக்குச் சார்பாக, தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. கட்டாயத் தகனத்தைப் பற்றிக் கவலை தெரிவித்த வரிகளும் அதே தீர்மானத்தில் இருந்தன. அதே பாகிஸ்தானில் அஹ்மதியா என்ற சிறுபான்மைச் சமயச் சமூகத்தின் மீஸான் கற்களை, கல்லறைக் கற்களை உடைக்கிறார்கள். உங்கள் சாப்பாட்டு மேசை நண்பர் இதைக் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆனால் அந்த வர்த்தமானிக்குப் பிறகு உம்மாவை எரிக்கக் கொடுக்காமல் மண்ணில் வைத்த ஒரு மகனிடம் போய், இம்ரான் கான் போலிதான் என்று நீங்கள் சொன்னால், அவர் "சரி, இருக்கட்டும்" என்பார்.

இப்போது உங்கள் தொழில் சம்பந்தப்பட்ட கதைக்கு வருகிறேன்.

2005இல் எங்களுக்கு ஜீஎஸ்பி பிளஸ் கிடைத்தது. 27 சர்வதேச சமவாயங்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அவற்றில் ஒன்று குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சமவாயம். 2006இல் சிங்கராசா என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, அந்தச் சமவாயத்துக்கு இந்த நாட்டில் என்ன பெறுமதி என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டது. சலுகை கையை விட்டுப் போகும் நிலை. அவசரமாக 2007இல் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்தச் சமவாயத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரில் ஐசிசிபிஆர் சட்டம் என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். மனித உரிமையைக் காப்பதற்கு, ஐரோப்பாவுக்குக் காட்டுவதற்கு வந்த சட்டம்.

அதன் 3ஆம் பிரிவு, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை என்கிறது. நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். 2019 ஏப்ரலில் இந்தச் சட்டத்தில்தான் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் பிடித்தார்கள். முகநூலில் ஒரு சிறுகதை போட்டதுதான் அவர் செய்தது. நான்கு மாதம் உள்ளே இருந்தார். மே மாதத்தில் ஹசலக என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண்ணை இதே சட்டத்தில் பிடித்தார்கள். அவருடைய சட்டையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அதைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று பொலிஸ் பார்த்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் சிறை. நீங்கள் ஆடைத் தொழிலில் இருப்பவர், ஒரு துணியின் அச்சு இவ்வளவு தூரம் போகும் என்று யோசித்திருப்பீர்களா?

ஐரோப்பா கேட்டது ஒரு சட்டம். கொடுத்தோம். கேட்டவர் வாங்கி அலுமாரியில் வைத்துக்கொண்டார், கொடுத்தவர் அதைக் கைவிலங்காக்கிக்கொண்டார். அதோடு, அந்தச் சட்டத்தால் சலுகையும் தப்பவில்லை. 2010 ஆகஸ்டில் ஐரோப்பா அதை நிறுத்திவிட்டது, 2017 மே மாதம்தான் திரும்ப வந்தது. நடுவில் இருந்த ஏழு வருடத்தின் சுமையை அமைச்சர்கள் சுமக்கவில்லை. கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த இளம் பெண்கள் சுமந்தார்கள்.

மூன்றாவதாக இன்னொன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மன்னார்ப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமை 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். அவர் தமிழில் எழுதிய கவிதைகள் தீவிரவாதம் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கவிதைகளில் சில வன்முறைக்கு எதிரானவை. தமிழ் தெரிந்தவர் ஒருவர் ஒழுங்காக வாசித்திருந்தால் அன்று பின்னேரமே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொன்னது, அவருடைய கைதையும் குறிப்பிட்டது, ஜீஎஸ்பி பிளஸ்ஸைப் பற்றியும் பேசியது. டிசம்பரில் அவருக்குப் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. சட்டம் இன்னும் இருக்கிறது. 1979இலிருந்து இருக்கிறது. அதை நீக்குவோம் என்று எத்தனை அரசுகள் எத்தனை தூதுவர்களிடம் சொல்லியிருக்கின்றன என்று எண்ணினால் என் விரல்கள் போதாது, உங்கள் விரல்களையும் கடன் வாங்க வேண்டும்.

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு பெயரையோ ஒரு இடத்தையோ சொல்லி, ஒரு திகதியையும் வைத்துக் கேட்டால் கொழும்பு கொஞ்சம் அசைகிறது. "உரிமைகளை மேம்படுத்து" என்று கேட்டால் கடதாசி வருகிறது. கடதாசி தயாரிப்பதில் எங்கள் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 1998இல் அவர்கள் சர்வதேச மத சுதந்திரச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அறிக்கை, மோசமான நாடுகளுக்கு ஒரு பட்டியல். சவூதி அரேபியா 2004இலேயே அந்தப் பட்டியலில் ஏறியது. தடை? தேசிய நலன் கருதி விலக்கு. பாகிஸ்தான் 2018இல் ஏறியது, அதற்கும் அதே விலக்கு. இந்தியாவைச் சேர்க்கச் சொல்லி அவர்களுடைய ஆணைக்குழுவே 2020இலிருந்து பரிந்துரைக்கிறது, வெளியுறவுத் திணைக்களம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்ணெய்க்கும் சந்தைக்கும் ஒரு தராசு, மற்றவர்களுக்கு இன்னொன்று. அந்த அறிக்கைகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதப் பயப்படும் சம்பவங்கள் சில அவற்றில்தான் பதிவாகிக் கிடக்கின்றன. ஆனால் அதை நம்பி யாரும் வேலிக் கம்பியில் துணி கட்டப் போகவில்லை.

வெளிநாடு பேசும்போது அதன் செலவு இங்கே இருப்பவர் தலையில்தான் விழுகிறது. ஒரு தூதுவர் ஒரு தாயைச் சந்தித்துப் படம் எடுத்து ட்விட்டரில் போடுவார். மூன்று வருடத்தில் அவர் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விடுவார். அந்தத் தாயின் வீட்டுக்கு அன்று பின்னேரமே சிவில் உடையில் இரண்டு பேர் வருவார்கள். வெளிநாட்டுக் காசுக்குப் பேசுகிறவர்களாம், "டொலர் காக்கைகள்" என்ற அந்தச் சிங்கள வசையையும் கேட்கிறவர் தூதுவர் அல்ல.

உங்கள் நண்பரின் கேள்விக்கு ஒரு பதில் மிச்சம் இருக்கிறது. எங்கள் விஷயம் அவர்களுக்கு எதற்கு என்கிறாரே, 2021 டிசம்பர் 3ஆம் தேதியை நினைவுபடுத்துங்கள். பாகிஸ்தானின் சியால்கோட்டில், உங்கள் தொழிலில் இருந்த பிரியந்த குமார என்ற இலங்கையரை, சமய வாசகம் எழுதிய சுவரொட்டியைக் கிழித்தார் என்று சொல்லி ஒரு கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. அன்று கொழும்பில் யாரும் "அது பாகிஸ்தானின் உள்விவகாரம்" என்று சொல்லவில்லை. அரசும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நீதி கேட்டன. இஸ்லாமாபாத் பணிந்து பதில் சொன்னது, 2022 ஏப்ரலில் நீதிமன்றம் 6 பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. மரண தண்டனை எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அந்த வாரம் எங்களுக்கும் மத சுதந்திரம் பேசும் ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்தது.

அதற்கு இரண்டரை வருடம் முன்பு எங்களிடம் அது இல்லை. பாகிஸ்தானில் இருந்து தப்பி வந்த அஹ்மதியாக்களும் கிறிஸ்தவர்களும் நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்தார்கள். இஸ்லாமியத் தீவிரவாதிகள் வெடிக்க வைத்த உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு அவர்களை வீட்டை விட்டு விரட்டினார்கள். பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் குழந்தைகளோடு படுத்தார்கள். ஒரு பகுதியினரை வவுனியாவில் பூந்தோட்டம் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். மத வெறியில் இருந்து தப்பி வந்தவர்களை, மத வெறியர்களின் ஆட்கள் என்று நினைத்து அடித்த ஊர் நாங்கள்.

மாமியோடு சண்டை போட வேண்டாம். அவர் பதாகையில் "சர்வதேசமே" என்று எழுதுவதாக இருந்தால், அதற்குப் பதிலாகத் தையிட்டி என்று எழுதச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அந்த ஊரில், இராணுவம் பிடித்து வைத்திருந்த தனியார் காணியில் விகாரை எழும்பியிருக்கிறது, காணிக்காரர்கள் போயா தினத்தில், பௌர்ணமியன்று வந்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். உறுதிப் பத்திரங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. காணி எப்போது திரும்பி வரும் என்று தன் தொகுதி எம்பியிடம் அவர் ஒரு திகதி கேட்கட்டும். கனடா எம்பிகளுக்கு அடுத்த தேர்தலில் அவருடைய வாக்குத் தேவைப்படும். இங்கே எங்களுக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் அப்படி யாருடையவோ தேவையின் வழியாக வந்தவைதான்.