ஊர் சுற்றவும் வேண்டும், காசும் மிஞ்ச வேண்டும்: கேள்வி பதில்

பிள்ளைகளோடு வெளியே போகிற சனி, ஞாயிற்றிலேயே கூப்பனை வைத்து வீட்டுச் சாமானையும் வாங்கிவிட முடியுமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சி எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்கே போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வழியில் எந்தக் கூப்பன் உதவும் என்று அப்புறம் தேடுங்கள். கூப்பன் கையில் இருக்கிறதே என்று கிளம்புகிற பயணத்தில் மிச்சமும் தங்காது, பிள்ளைகளுக்குச் சந்தோஷமும் இருக்காது.

கேள்வி: அக்கா, பூங்காவுக்குப் போய்விட்டுக் கடைக்குப் போவதா, கடையை முடித்துவிட்டுப் பூங்காவுக்கா?

என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பால், இறைச்சி மாதிரி குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் சொல்லப்படுகிற விதி. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது 1 மணி நேரம்தான். வெயிலில் பூட்டி நிறுத்திய கார் வெளியைவிடச் சீக்கிரம் சூடேறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி விலைக்கு வாங்கி, வீட்டுக்கு வந்து குப்பையில் போட்டால் அது தள்ளுபடி இல்லை, தண்டம். ஆகவே குளிர்ச் சாமான் கடைசியில், வீட்டுக்குத் திரும்புகிற வழியில்.

சோப்பு, துணித்தூள், காகிதச் சாமான் போன்றவை அப்படியில்லை. அவற்றுக்கு 'சரக்கு உள்ளவரை' என்று போட்ட கூப்பன் இருந்தால் கடை திறந்த கையோடு போய் எடுத்துவிட்டுப் பூங்காவுக்குப் போங்கள். மாலையில் போனால் அலமாரியில் விலைச்சீட்டு மட்டும் தொங்கும். இரண்டும் வேண்டுமென்றால் காலையில் ஒருவர் பத்து நிமிடம் இறங்கி ஏறலாம், திரும்பும்போது மற்றவர் இறங்கலாம். விளையாடிக் களைத்த பிள்ளைகள் எல்லாரையும் கடைக்குள் இழுத்துப் போவதைவிட வேதனை வேறில்லை.

கேள்வி: இரண்டு கூப்பன் இருக்கிறது. ஒன்று 10 சதவீதம், அதிகபட்சம் 150. இன்னொன்று 600க்கு மேல் வாங்கினால் 100 கழிவு. ஒன்றைத்தான் பயன்படுத்தலாமாம். எது நல்லது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நின்று பார்ப்போம். பில் 600 வந்தால் முதல் கூப்பனில் 60 குறையும், இரண்டாவதில் 100. பில் 1,000 என்றால் இரண்டும் சமம். அதைத் தாண்டினால் சதவீதக் கூப்பன் முந்தும். 1,500 வரை போய் அங்கே நின்றுவிடும். அதற்கு மேல் என்ன வாங்கினாலும் கழிவு 150தான்.

இப்படி நிலைத்த தொகை தருகிற கூப்பனுக்குக் குறைந்தபட்சத் தொகையை ஒட்டி வாங்குவதுதான் உச்சப் பலன். 600க்கு 100 என்பது கிட்டத்தட்ட 17 சதவீதம். அதே கூப்பனை 2,000க்குப் போட்டால் வெறும் 5 சதவீதம். அந்தக் கூப்பன் இரண்டு இருந்து, 1,200க்கு வாங்க வேண்டியிருந்தால் சாமானை இரண்டு பில்லாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், 200 மிஞ்சும். 'ஒருவருக்கு ஒன்று' அல்லது 'ஒரு நாளைக்கு ஒன்று' என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

520க்கு எடுத்துவிட்டு, 600 ஆக்க 80க்கு எதையாவது தேடுகிறோமே, அங்கேதான் பலர் சறுக்குவது. அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற, கெட்டுப்போகாத பொருள் என்றால் எடுங்கள். இல்லையென்றால், உள்ளபடி 520 கொடுக்க வேண்டிய இடத்தில் 500 கொடுக்கிறீர்கள். மிச்சம் 100 இல்லை, 20. கூடவே வீட்டில் இடத்தை அடைக்க ஒரு வேண்டாத பொருள்.

கேள்வி: 20 சதவீதத் தள்ளுபடிக்கு மேல் இன்னும் 10 சதவீதம் என்றார்கள். பில்லில் 30 சதவீதம் குறையவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. 100இல் 20 போனால் 80. அந்த 80இல் 10 சதவீதம் என்பது 8. மொத்தம் 28தான். பெரும்பாலான கடைகளில் இதுதான் கணக்கு.

சதவீதமும் நிலைத்த தொகையும் சேர்ந்து வரும்போதுதான் வரிசை முக்கியம். 1,000க்கு வாங்கிய பில்லில் முதலில் 20 சதவீதம் கழித்து, பிறகு 100 கழித்தால் 700. முதலில் 100 கழித்து, பிறகு சதவீதம் போட்டால் 720. சில இடங்களில் கணினியே வரிசையை முடிவு செய்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுக்க முடிகிற இடத்தில் சதவீதத்தை முதலில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: 'இரண்டாவது பாதி விலை', 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்', இதில் எது லாபம்?

முதலாவது 25 சதவீதம், அடுத்தது 33. ஆனால் அடுத்ததில் மூன்று பொருள் வீட்டுக்கு வரும். மூன்றும் செலவாகுமா என்பதே கேள்வி.

கேள்வி: பெரிய பாக்கெட்தானே எப்போதும் மலிவு? கூப்பன் இருந்தாலும் பெரியதையே எடுக்கலாமா?

எப்போதும் இல்லை, தம்பி. அலமாரி விளிம்பில் ஒட்டியிருக்கிற விலைச்சீட்டைக் குனிந்து பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பாக்கெட்டின் விலை. பல கடைகளில் அதற்குக் கீழே, ஓரமாக, 100 கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்தப் பொடி எழுத்தை. அது இல்லாத கடையில் செல்போன் இருக்கவே இருக்கிறது, வகுத்துப் பாருங்கள்.

200 கிராம் 60, 500 கிராம் 125 என்று வைத்துக்கொள்வோம். கூப்பன் இல்லாவிட்டால் 100 கிராமுக்கு முறையே 30, 25. பெரியதுதான் மலிவு. 'எந்த அளவானாலும் 20 கழிவு' என்கிற கூப்பனைப் போட்டதும் சின்னது 40 ஆகிறது, பெரியது 105. இப்போது 100 கிராமுக்குச் சின்னது 20, பெரியது 21. ஆட்டம் திரும்பிவிட்டது! கூப்பனில் அளவு குறிப்பிடாமல் இருந்தால் சின்னப் பாக்கெட்டைக் கட்டாயம் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: கூப்பனுக்காக மூன்று கடை ஏறி இறங்குகிறேன். பெட்ரோலுக்கே சரியாகிவிடுகிறது என்று வீட்டுக்காரர் திட்டுகிறார். அவர் சொல்வது சரியா?

இந்த வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டி, 6 கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினால் 0.4 லிட்டர் போகிறது. அந்தத் தொகையையும் பார்க்கிங் கட்டணத்தையும் கூப்பன் கழிவிலிருந்து கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கிளம்புவதற்கு முந்தைய இரவே பாருங்கள். அன்றைக்குப் போகிற இடத்துக்கான வழியை வரைபடத்தில் போட்டு, அதை ஒட்டிய கடைக் கூப்பனை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். மற்றவை அடுத்த வாரத்துக்கு. பில்லைக் காட்டினால் பார்க்கிங் கட்டணம் வாங்காத கடைகளும் உண்டு. அதைக் கேட்டு வைத்துக்கொள்வதும் ஒரு கூப்பன்தான்.

கேள்வி: விலங்குக் காட்சிசாலை, அருங்காட்சியகம், நீர் விளையாட்டுப் பூங்கா மாதிரி இடங்களுக்குத் தருகிற கூப்பன் நம்பத்தகுந்ததா? ஒரு தடவை வாசலில் செல்லாது என்றுவிட்டார்கள்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். 'வார நாட்களுக்கு மட்டும்' அல்லது 'விடுமுறை நாட்கள் நீங்கலாக'. கூட்டம் இல்லாத நாளை நிரப்பத்தான் அவர்கள் கூப்பனே தருகிறார்கள். சனி, ஞாயிறு எப்படியும் நிரம்பும். ஆகவே தேதி விலக்கை முதலில் படியுங்கள். அடுத்துக் குழந்தை என்பதற்கான வரம்பு. சில இடத்தில் வயது, சில இடத்தில் உயரம். 'பெரியவர் ஒருவருக்குக் குழந்தை ஒன்று இலவசம்' என்றால் இரண்டு பெரியவர், மூன்று பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

குடும்பச் சீட்டு என்றால் தலையை எண்ணி, தனித்தனிச் சீட்டின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். கைக்குழந்தைக்குச் சீட்டே தேவையில்லாத இடத்தில் குடும்பச் சீட்டு நஷ்டமாகவும் முடியும். ஆண்டுச் சந்தாவுக்கு வழி சுலபம். சந்தாவை ஒரு முறை நுழைய ஆகிற செலவால் வகுத்தால் எத்தனை முறை போனால் கட்டுப்படியாகும் என்று வந்துவிடும். அத்தனை முறை போகத்தான் போகிறோமா என்று பிள்ளைகளைக் கேட்காதீர்கள், அவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. வாசலில் நெட் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கியூஆர் கோடு உள்ள கூப்பனை வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நொடிக்கு நொடி மாறுகிற கோடு என்றால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அதற்கு ஆப்பைத் திறந்த நிலையிலேயே வரிசைக்கு வாருங்கள்.

கேள்வி: கடைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கண்டதையெல்லாம் கேட்கிறார்கள். கூட்டிப் போகாமலே இருக்கலாமா?

கூட்டிப் போங்கள், வேலை கொடுங்கள். கூப்பன் உறை பெரியவள் கையில். 100 கிராம் விலையைக் கண்டுபிடிப்பது நடுப்பிள்ளையின் பொறுப்பு. கடைசிப் பிள்ளைக்கு ஒரே ஒரு கூப்பன், அது செல்லும் பொருளில் எது வேண்டுமோ அவனே எடுக்கலாம். கையில் வேலை இருக்கிற பிள்ளை அழுவது குறைவு.

டிராலியை எடுக்காதீர்கள், கைக்கூடை போதும். 1937இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மேன் என்கிற கடைக்காரர் சக்கரம் வைத்த தள்ளுவண்டியைக் கொண்டுவந்ததே, கூடை கனத்ததும் வாடிக்கையாளர் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று பார்த்ததால்தான். நமக்கு அந்தக் கனம் வேண்டும்.

கேள்வி: பத்துக் கட்டம் உள்ள முத்திரை அட்டை கொடுத்தார்கள். இரண்டு கட்டத்தை அவர்களே நிரப்பிக் கொடுத்தார்கள். தாராளமான கடை, இல்லையா?

தாராளம் இல்லை, கணக்கு. ஜோசப் நூன்ஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கார் கழுவும் நிலையத்தில் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்ட அட்டை. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், அதில் இரண்டு ஏற்கெனவே நிரப்பியது. இரு தரப்பும் எட்டு முறைதான் வர வேண்டும். எட்டுக் கட்டக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், பத்துக் கட்டக்காரர்களில் 34 சதவீதம் பேர். கொஞ்ச தூரம் வந்துவிட்டோம் என்கிற நினைப்பு அப்படி இழுக்கிறது. வழக்கமாகப் போகிற கடையென்றால் அட்டையை வைத்துக்கொள்ளுங்கள், நிரப்புவதற்காகப் போகாதீர்கள்.

கேள்வி: கவுன்டரில் கூப்பனை நீட்டக் கூச்சமாக இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள்.

முனகுவது கூப்பனுக்காக இல்லை, பையைத் துழாவுவதற்காக. வாங்கிய வரிசையிலேயே கூப்பனை அடுக்கி, பில் போடத் தொடங்கும் முன்பே 'கூப்பன் இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். அது கடை தருகிற விலை, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

கேள்வி: வாட்ஸ்அப்பில் பெரிய தொகைக்குக் கூப்பன் லிங்க் வந்தது. வங்கி விவரம் கேட்கிறது.

தொடாதீர்கள். தள்ளுபடி தர எந்தக் கடைக்கும் உங்கள் வங்கி ஓடிபியோ பின் நம்பரோ தேவையில்லை. பத்துப் பேருக்கு அனுப்பினால் கிடைக்கும் என்பதும் அதே ரகம். ஒரே கூப்பனை நகல் எடுத்து நீட்டலாமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது, அது மோசடி.

கேள்வி: கூப்பனில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் முழு விலை வருமா?

நீங்கள் கொடுத்த தொகைதான் வரும். 600க்கு வாங்கி 100 கழிந்த பில்லில், 300 பெறுமான பொருளைத் திருப்பினால் பல கடைகள் கழிவைப் பொருள்கள்மேல் பிரித்து 250 தருவார்கள். சில கடைகள் குறைந்தபட்சத் தொகை உடைந்துவிட்டது என்று மொத்தக் கழிவையும் பிடித்துக்கொண்டு 200 தருவார்கள். 'ஒன்றுக்கு ஒன்று இலவசம்' என்று வாங்கியதில் ஒன்றை மட்டும் திருப்பினால் ஒன்றுமே வராமலும் போகலாம். உடை, காலணி மாதிரி அளவு தவறக்கூடியதைக் கூப்பன் பில்லில் சேர்க்காமல் தனிப் பில்லாகப் போடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது வெயிலில் மங்கிவிடும், காரின் முன்கண்ணாடி ஓரம் வைக்காமல் அன்றைக்கே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.