ஹூயியில் ஒரு பட்டாலியன்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: வியட்நாம் போரை வைத்து ஒரு போர்டு கேம் செய்கிறேன். என் விதிப்படி அமெரிக்க பட்டாலியன் ஒரே நகர்த்தலில் ஹெலிகாப்டரில் இறங்கி கிராமத்தைப் பிடித்துவிடுகிறது. ஆடிப் பார்த்தவர்கள் ரொம்ப சுலபம் என்கிறார்கள். எதை மாற்றுவது?

பதில்: முதலில் இறங்குவதை மாற்றுங்கள். பட்டாலியன் மொத்தமாக வந்து குதிக்காது. ஹெலிகாப்டர்கள் பல தடவை போய்வந்து, நடை நடையாகத்தான் கொண்டுவந்து இறக்கும். ஓர் அமெரிக்கப் பட்டாலியனின் உதாரணம்: 1965 நவம்பர் 14, தென் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கு, எக்ஸ்-ரே என்று பெயரிட்ட வெட்டவெளி. ஆட்கள் சுமார் 450, ஹூயி ஹெலிகாப்டர்கள் 16. ஏட்டில் ஒரு ஹூயிக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏறலாம். ஆனால் வெயிலில் காற்று லேசாகித் தூக்குதிறன் குறையும். எரிபொருளின் எடை வேறு. முதல் நடையில் போனவர்கள் ஏறக்குறைய 80 பேர்தான், வண்டிக்கு ஐந்து. ஒரே நேரத்தில் எட்டு வண்டி இறங்கத்தான் இடம். போய்வர அரை மணி. காலை 10:48க்கு முதல் நடை இறங்கியது. எல்லோரும் வந்து சேரும்போது பிற்பகல் சுமார் 3 மணி ஆகிவிட்டது. சண்டையோ மதியமே மூண்டுவிட்டது.

ஆகவே நகர்த்தலுக்கு ஒரு கம்பெனிக்கும் (பட்டாலியனின் ஒரு பிரிவு) குறைவாகவே இறங்கட்டும். இறங்குமிடம் 105 மி.மீ. பீரங்கி எட்டும் 11 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். காட்டில் வெட்டவெளிகள் சொற்பம், எதிரிக்கும் அவை தெரியும். சிலவற்றில் மறைவாக இயந்திரத் துப்பாக்கி வையுங்கள்.

கிராமத்தைப் பிடிப்பதில்தான் பெரிய பிழை. பின் தின் மாகாணத்தின் போங் சோன் சமவெளிக்கு முதலாம் குதிரைப்படை டிவிஷன் (பெயரில்தான் குதிரை, ஹெலிகாப்டரில் போகும் அமெரிக்கப் படை) 1966 ஜனவரியில் போனது. 1967 முழுக்கவும் கிட்டத்தட்ட அங்கேதான் மல்லுக்கட்டியது. சீக்கிரம் வந்த ஹெலிகாப்டர் அடுத்த வேலைக்கும் சீக்கிரம் கிளம்பிவிடும். படை போனதும் வியட்காங் எனும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் வரி வசூல்காரர் மலையிலிருந்து இறங்கி வருவார். இறங்குவதற்கு முன் பொழிந்த குண்டோ அதே ஊரின் வயலில் விழுந்திருக்கும், சனம் அகதி முகாமில் இருக்கும். எனவே பீரங்கி பயன்படுத்தினால் மக்கள் ஆதரவுப் புள்ளி குறையட்டும்.

கிராமத்தின் மீது பிடி ஏறுவது, இரவில் அங்கேயே தங்கும் காய்க்கு மட்டும். தென் வியட்நாமின் வடக்கு மாகாணங்களில் அமெரிக்க மரைன் படையினர் 14 பேர், ஒரு மருத்துவ உதவியாளர், கூட உள்ளூர் ஊர்க்காவல் பிளட்டூன் (சிறு படைப்பிரிவு) ஒன்று: இவர்கள் ஊரிலேயே கிடந்தார்கள். மெதுவான வேலை, ஆள் தின்னும் வேலை. அந்தக் காயை விலை உயர்த்தியே வையுங்கள்.

1967 முதல் அமெரிக்க ஆலோசகர்கள் மாதாமாதம் ஒவ்வொரு குக்கிராமமும் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது என்று ஏ (A) முதல் ஈ (E) வரை தரம் போட்டார்கள். பெரும்பாலும் பகலில் பார்த்த தரம். அமெரிக்கத் தரப்பில் ஆடுபவர் கண்ணுக்கு அந்த எழுத்து மட்டும் தெரியட்டும். உண்மையான தரத்தை அட்டைக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.