ஏற்காட்டுக் கடையில் குங்குமப்பூ: பாலில் வேண்டாம், தண்ணீரில் ருசி பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். அங்கே ஒரு சின்ன மசாலாக் கடையில் குங்குமப்பூவை ருசி பார்த்துவிட்டு வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். இந்த மலையிலேயே விளைந்தது என்று சொல்லி விற்கிறார்களாம். என் மகளுக்கு இது ஐந்தாம் மாதம். அவளுக்காகத்தான் நல்லதாகப் பார்த்து வாங்க ஆசைப்படுகிறேன். கடையில் எதைக் கவனிக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும், எவ்வளவு வாங்கலாம்? (திருப்பூர் வாசகி)

பதில்: மலையில் விளைந்தது என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காஷ்மீரில் குங்குமப்பூவுக்குப் பேர்போன பாம்பூர் சுமார் 1,600 மீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் இங்கேயும் விளையும் என்று நம்பத் தோன்றும். ஆனால் அந்தச் செடியின் கிழங்குக்குக் காய்ந்த கோடையும் உறைபனிக் குளிரும் வேண்டும். ஈரம் தேங்கும் மண்ணில் அழுகிவிடும். காஷ்மீரில் அது பூப்பது அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அதே நாட்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்த மலையில் காலங்காலமாக நன்றாக விளைவது காபியும் மிளகும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அந்தக் கடையில் மிளகும் காபியும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அவை உள்ளூர்ச் சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குங்குமப்பூ மட்டும் வெளியூர்ச் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ச் சரக்கு என்பதில் குறை ஒன்றும் இல்லை. உலகத்தில் விளையும் குங்குமப்பூவில் மிகப் பெரும்பகுதி ஈரானுடையது, நம் கடைகளிலும் அது நிறைய வருகிறது. காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைச்சல் குறைவு, விலை அதிகம். கடைக்காரர் “இது ஈரான் பூங்க” என்று தானாகவே சொன்னால் எனக்கு அவர்மேல் மரியாதைதான் வரும். நல்ல ஈரான் பூ, பழசாகிப்போன காஷ்மீர்ப் பூவைவிட எத்தனையோ மேல். எந்த ஊர்ப் பூ, எந்த வருடத்து அறுவடை என்ற இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். வருடத்தைச் சொல்லத் தெரியாத கடையில் ருசி பார்க்கலாம், வாங்க அவசரப்பட வேண்டாம்.

சரி, ருசி பார்ப்பதற்கு வருவோம். பெரும்பாலும் சூடான பாலில் சர்க்கரை, ஏலக்காய், கொஞ்சம் பாதாம் எல்லாம் சேர்த்து, மேலே நாலு இழை தூவி ஒரு சின்ன டம்ளரில் நீட்டுவார்கள். மலைக்குளிருக்கு அது நன்றாகத்தான் இருக்கும், குடியுங்கள். ஆனால் அதை வைத்துப் பூவை முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை கசப்பை மறைத்துவிடும், ஏலக்காய் வாசனையை அமுக்கிவிடும். வெறும் கலர்ப் பொடி போட்டாலும் அந்தப் பால் அதே மஞ்சளாகத்தான் தெரியும். “அண்ணா, பால் வேண்டாங்க, ரெண்டு சின்ன டம்ளர்ல சாதாத் தண்ணி மட்டும் கொடுங்க” என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்குச் சங்கடப்பட மாட்டார்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியவுடன் வயிறும் நாக்கும் ஒரு நிதானத்தில் இருக்காது. காபி குடித்த வாயோடும் போகாதீர்கள், குங்குமப்பூவின் கசப்பு மெல்லியது, காபிக்குப் பிறகு தெரியவே தெரியாது. ஒரு இரவு தங்குகிறீர்கள் என்றால் மறுநாள் காலை வெயில் வந்தபிறகு போங்கள். மூட்டம் கவிந்திருக்கும் நேரத்தில் டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் பூ காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எடையும் கூடும், தொட்டால் தொய்வாகவும் இருக்கும். அப்போது அது ஈரத்தால் தொய்ந்ததா, எண்ணெய் தடவியதால் தொய்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

முதல் வேலை, ஒரு வெள்ளைத் தாளில் பத்துப் பதினைந்து இழைகளைப் போட்டு வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது. கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் எல்லாமே சிவப்பாக, அழகாகத் தெரியும். நிஜமான இழை ஒரு முனையில் மெலிந்து, மறுமுனையில் நாதஸ்வரத்தின் அணசு போல விரிந்து இருக்கும். விரிந்த விளிம்பு நேராக இருக்காது, பல் பல்லாகக் கிழிந்தது மாதிரி இருக்கும். நிறம் ஆழ்ந்த சிவப்பு, அதிலும் இழைக்கு இழை கொஞ்சம் வித்தியாசம் தெரியும். எல்லா இழையும் ஒரே பளபளப்பு, ஒரே சிவப்பு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே பருமன் என்றால் அது சாயம் போட்ட சோளக்கதிர் நாராக இருக்கலாம். குசும்பாப்பூவும் குங்குமப்பூ என்ற பெயரில் நிறைய விற்கிறது. அதன் நிறம் சிவப்பைவிட ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீரில் ஊறவைத்தால் மெல்லிய குழாயாகி, நுனி ஐந்து இதழாகப் பிரிவது கண்ணுக்கே தெரியும்.

சில இழைகளின் அடியில் மஞ்சளாக வால் இருந்தால் பயப்படாதீர்கள். பூவுக்குள் மூன்று சிவப்பு இழைகளும் சேரும் தண்டு அது. மஞ்சள் வாலோடு விற்பதைக் காஷ்மீரில் லச்சா என்பார்கள், சிவப்பு மட்டும் வெட்டி எடுத்ததை மோங்ரா என்பார்கள். நிறமும் மணமும் சிவப்புப் பகுதியில்தான் இருக்கின்றன, அதனால் மோங்ரா விலை கூடுதல். லச்சாவை மோங்ரா விலைக்குத் தராமல் இருக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

தாளில் போட்ட இழைகளை அப்படியே மடித்து விரலால் லேசாக அழுத்துங்கள். தாளில் எண்ணெய்க் கறை படிந்தால் எடைக்காகவும் மினுமினுப்புக்காகவும் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு இழையை நாக்கில் வைத்து, முன்பல்லால் மெதுவாக மென்று பாருங்கள். குங்குமப்பூ இனிக்காது. மெல்லிய கசப்பும் லேசான துவர்ப்பும் வரும், கொஞ்ச நேரத்தில் எச்சில் மஞ்சளாகும். வாசனையில் தேனும் காய்ந்த வைக்கோலும் கலந்த ஒரு சாயல் இருக்கும். நாக்கில் வைத்ததும் இனித்தால் சர்க்கரைப் பாகோ தேனோ ஏறியிருக்கிறது, உப்புக் கரித்தால் எடை கூட்ட உப்பு சேர்த்திருக்கிறார்கள். இரண்டில் எது தெரிந்தாலும் அடுத்த சோதனை தேவையே இல்லை, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

அடுத்தது தண்ணீர். நான் பெரிதும் நம்புவது இதைத்தான். முதல் டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஐந்தாறு இழைகளைப் போடுங்கள். கலக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். சாயம் போட்டதாக இருந்தால் சில நொடிகளில் சிவப்போ அடர் ஆரஞ்சோ கரைந்து இறங்கும், இழை வெளுக்கும். நிஜப் பூ அவசரப்படாது. ஒரு நிமிடம் கழித்து இழையைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு கோடாகக் கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீர் முழுக்கத் தங்க மஞ்சளாகும், இழையோ சிவப்பாகவே நிற்கும். குரோசின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் கரையக்கூடியது, இழையின் உள்ளிருந்து மெதுவாக வெளியே வருகிறது, அதனால்தான் இந்தத் தாமதம்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அந்த மஞ்சள் தண்ணீரை இரண்டாவது டம்ளருக்கு வடித்துவிட்டு, அதே இழைகள்மேல் மறுபடியும் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நல்ல பூ இரண்டாம் தடவையும் மஞ்சள் கொடுக்கும், மூன்றாம் தடவையும் கொடுக்கும். சாயம் போட்டதில் இரண்டாம் தண்ணீர் பெரும்பாலும் சோகையாகிவிடும். வடித்த முதல் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கசப்பும் மணமும் அதில் இருக்க வேண்டும். இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. ஏற்கனவே சாறு எடுத்துவிட்ட சக்கைப் பூவுக்கு மறுபடி சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். இழையின் வடிவம் அச்சு அசலாக இருக்கும், ஏனென்றால் அது நிஜப் பூதான். கண்ணால் பார்த்து அதைப் பிடிக்கவே முடியாது. முதல் தண்ணீரின் வேகமும், இரண்டாம் தண்ணீரின் வெளிறலும், கசப்பில்லாத வாயும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆய்வகங்களும் இதையேதான் கருவியால் செய்கின்றன. ஐஎஸ்ஓ 3632 என்ற சர்வதேசத் தரநிலை, குங்குமப்பூவை ஊறவைத்த நீரில் மூன்று பொருள்களை அளக்கிறது. நிறத்துக்குக் குரோசின், கசப்புக்குப் பிக்ரோகுரோசின், மணத்துக்குச் சாஃப்ரனால். முதல் தரத்துக்கு நிற அளவு குறைந்தது 200 இருக்க வேண்டும், ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய பிராண்டுகள் சில இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டால் காட்டும். சின்னக் கடையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் பெட்டியின்மேல் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, பேக் செய்த தேதி இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. பொடியாக விற்பதை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம், அதில் நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமே மிச்சமிருக்காது.

எல்லாம் சரியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ருசி காட்டியது ஒரு டப்பா, கட்டிக்கொடுப்பது உள்ளே இருந்து எடுத்து வரும் வேறொரு சீல் வைத்த பெட்டி. “ருசி பார்த்த டப்பாவுல இருந்தே எடைபோட்டுக் கொடுங்க” என்று சொல்லுங்கள். முடியாது என்றால், கொடுக்கும் பெட்டியைத் திறந்து அதிலிருந்தே நாலு இழை தண்ணீரில் போடச் சொல்லுங்கள். தராசையும் பாருங்கள். காய்கறிக்கான தராசில் ஒரு கிராமை நிறுக்க முடியாது, வெள்ளிக்கடையில் வைத்திருப்பது போன்ற மில்லிகிராம் தராசு வேண்டும். விலையை எப்போதும் கிராம் கணக்கில் கேளுங்கள், பெட்டி கணக்கில் கேட்காதீர்கள். பெரிய பெட்டிக்குள் அரை கிராம்தான் இருக்கும். சேலத்தில் பஸ் மாற நேரம் இருந்தால் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் பக்கம் மளிகை மொத்த வியாபாரிகளிடம் அன்றைய விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். மலைக்கடை விலை அதைவிடச் சற்று அதிகமாக இருந்தால் பரவாயில்லை. பாதிக்கும் குறைவாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டீர்கள். ஒரு கிராம் போதும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும், ஒரு பூவுக்கு மூன்று இழை. அப்படியென்றால் ஒரு கிராமில் சுமார் 450 இழைகள். நாலைந்து பேருக்கான பால் பாயசத்துக்கோ கேசரிக்கோ பத்து இழை தாராளம். அந்த ஒரு கிராம் உங்கள் வீட்டுக்கு மாதக்கணக்கில் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து கிராம் வாங்கி அலமாரியில் வைத்து மணம் போகவிடுவதைவிட, நல்லதாக ஒரு கிராம் வாங்கிப் பயன்படுத்துவதே லாபம்.

உங்கள் மகளைப் பற்றி. குங்குமப்பூ போட்ட பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவில் வருவது. அதற்காக என்று யாராவது அளவைக் கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பாலில் இரண்டு மூன்று இழை, மணத்துக்காகவும் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவும் போட்டுக்கொடுக்கலாம். சமையல் அளவில் பொதுவாகக் கெடுதல் இல்லை. மருந்துபோல அதிக அளவில் சாப்பிடுவது வேறு விஷயம், ஐந்து கிராமைத் தாண்டினால் யாருக்குமே அது நச்சு, கர்ப்பிணிகள் அந்தப் பக்கமே போகக் கூடாது. அவளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கலப்படத்தைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதியதே அவளை நினைத்துத்தான். நிஜப் பூவின் இரண்டு இழையைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதன் பெயரில் உள்ளே போகும் துணிச்சாயம்தான் கவலை. கடையில் மனம் ஒப்பவில்லை என்றால் வெறும் பாலையே அவள் குடிக்கட்டும், அவளுக்கும் குழந்தைக்கும் அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

வாங்கிவிட்டால் இறங்கும் வழியில் பெட்டியை காரின் முன்கண்ணாடிப் பக்கம் வெயிலில் வைக்காதீர்கள், பைக்குள் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வீட்டில் காற்றுப் புகாத சின்னக் கண்ணாடி டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் அடுப்புக்குத் தள்ளி வைத்தால் ஒரு வருடம் மணம் குறையாமல் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறந்தால் உள்ளே வியர்த்துப் பூ நனையும். பயன்படுத்தும்போது இழையை நேராகக் கொதிக்கும் பாலில் போடாமல், இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பாலில் இருபது நிமிடம் ஊறவைத்து, அடுப்பை அணைத்தபிறகு கடைசியாகச் சேருங்கள்.