மேகமா, புகையா? வானத்திலிருந்து எப்படித் தெரியும்?

கேள்வி: 2023 ஜூன் மாதம் கனடாவில் காடு எரிந்தபோது நியூயார்க் வானமே செம்மஞ்சளாக மாறியது. அந்தப் புகை வந்த வழியைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் மேகமும் புகையும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? படத்தில் புகை தெரியும் ஊரிலெல்லாம் மூச்சுத் திணறுமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் தேர்ந்தவர்களுக்கும் தடுமாற்றம் வரத்தான் செய்யும். ஆனால் அப்போது வட அமெரிக்காவைக் கண்காணித்த கோஸ்-16 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துச் சுற்றியதால், அமெரிக்க நிலப்பரப்பை 5 நிமிடத்துக்கு ஒரு முறை படமெடுத்தது. அந்தப் படங்களை வரிசையாக ஓடவிட்டால், கனடாவின் கியூபெக் மாகாணக் காடுகளில் ஒரு புள்ளியில் கிளம்பும் புகை, கிளம்பிய இடத்தோடு தொடர்பு அறாமல் விசிறிபோல் விரிந்து செல்வது தெரியும். கனடாவின் கிழக்குக் கரையோரம் நிலைகொண்டிருந்த காற்றழுத்தத் தாழ்வு இடஞ்சுழியாகச் சுழன்று, தன் மேற்குப் புறத்தில் காற்றைத் தெற்கே தள்ளியதால்தான் அந்தப் புகை நியூயார்க்கை வந்தடைந்தது.

இன்னொரு வழி, அந்தச் செயற்கைக்கோளின் படக்கருவி தனித்தனியே பதிவுசெய்யும் 16 ஒளி அலைவரிசைகளை ஒப்பிடுவது. புகைத் துகள்கள் மிக நுண்ணியவை. அவை நீல ஒளியை நன்கு சிதறடிக்கும், நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிர்களையோ பெரும்பாலும் தடுக்காமல் விட்டுவிடும். மேகத்தின் நீர்த்துளிகள் பெரியவை என்பதால் மேகம் இரண்டிலும் தென்படும். ஆகவே நீலத்தில் தெரிந்து, அகச்சிவப்பில் காணாமற்போவது பெரும்பாலும் புகையே. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். இரவிலோ எரியும் இடம் மட்டுமே 3.9 மைக்ரோமீட்டர் அலைவரிசையில் சூடான புள்ளியாகத் தெரியும்.

மூச்சுத் திணறலைப் பற்றிய கேள்விக்குப் படத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. தரையிலிருந்து விண்வெளிவரை உள்ள புகை முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தே இத்தகைய படம் காட்டுகிறது. அது எந்த உயரத்தில் மிதக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. அதே ஜூன் இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்து போர்ச்சுகல், ஸ்பெயின் வரை சென்ற புகை பெரும்பாலும் உயரத்திலேயே இருந்ததால், அங்கே வானம் மங்கியதே தவிர, நியூயார்க்கில் ஏற்பட்ட அவதி நேரவில்லை. 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் கதிரைப் பாய்ச்சிப் புகையின் உயரத்தை அளந்தது என்றாலும், தன் பாதைக்கு நேர் கீழே உள்ள குறுகிய கோட்டை மட்டுமே அதனால் பார்க்க முடிந்தது. சன்னலைத் திறக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர், தரையிலுள்ள கருவி 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகள்களை அளந்து தரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.