சிக்யூ கொடுக்கும் முன்: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கேள்வி பதில்

கே: 40 மீட்டர் அலைப்பட்டையில் அரை நிமிடம் கேட்டேன், ஒன்றுமே இல்லை. சிக்யூ (‘யாராவது பேச வாருங்கள்’ என்ற பொது அழைப்பு) கொடுத்ததும் ‘ஆள் இருக்கு’ என்று ஒருவர் கடிந்துகொண்டார். என் தவறா?

ப: பாதி. சென்னைக்காரரும் டெல்லிக்காரரும் பேசுகிறார்கள் என்று வையுங்கள். இப்போது பேசுவது டெல்லி. மதுரையில் இருக்கும் உங்களுக்கு டெல்லி காதில் விழவில்லை. சென்னைக்காரரோ வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு நிசப்தம், அவர் காதில் நீங்கள் இடி. அதனால் காது மட்டும் போதாது. கால்சைன் (உங்கள் நிலையத்தின் அடையாளக் குறி) சொல்லி ‘அலைவரிசை காலியா?’ என்று கேளுங்கள், பத்து விநாடி பொறுங்கள், மறுபடி கேளுங்கள். மோர்ஸ் என்றால் அதே கேள்விக்குச் சுருக்கம் கியூஆர்எல்.

கே: எஃப்டி8 (கணினி வழி டிஜிட்டல் முறை) இருப்பது 7.074 மெகாஹெர்ட்ஸ் தானே? 7.076இல் எல்எஸ்பி (ஒரு குரல் முறை) பேசினால் ஏன் திட்டுகிறார்கள்?

ப: டயல் காட்டுவது சிக்னலின் ஓரத்தை மட்டும். எல்எஸ்பி குரல் அதற்குக் கீழே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் பரவும், அதாவது 7.073 வரை. எஃப்டி8 7.074க்கு மேலே அதே அளவு பரவும். திட்டாமல் என்ன செய்வார்கள்?

கே: டோன் (அதே டோன் உள்ள சிக்னலுக்கு மட்டும் ஸ்பீக்கர் திறக்கும் வசதி) போட்டால் குறுக்கீடு நிற்குமா?

ப: உங்கள் ஸ்பீக்கர் வாயை மூடும், அவ்வளவுதான். குறுக்கீடு அங்கேயேதான் இருக்கும்.

கே: 145.800 மெகாஹெர்ட்ஸில் நண்பரோடு பேசலாமா?

ப: வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையம் தரைக்குப் பேசும் இடம் அது. ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு மாடியில் நிற்கும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு உங்கள் ‘சாப்டாச்சா’தான் கேட்கும்.

கே: எங்கள் காலை நெட் (பல ஹாம்கள் சேர்ந்து பேசும் கூட்டம்) பல வருடமாக ஒரே அலைவரிசையில் நடக்கிறது. மற்றவர்கள் விலகத்தானே வேண்டும்?

ப: யாருக்கும் அங்கே பட்டா கிடையாது சார். முன்பே இருவர் பேசிக்கொண்டிருந்தால் நெட்தான் நகர வேண்டும்.

அவரே: 40 பேர் நகர்வதா, 2 பேர் நகர்வதா?

ப: மரியாதையாகக் கேட்டால் இருவரும் நகர்வார்கள். நானே நகர்ந்திருக்கிறேன். கேட்காமல் என் தலைமேல் ரோல்கால் (வருகைப் பதிவு) ஆரம்பித்த ஒரு நாள் மட்டும் வீம்புக்கு உட்கார்ந்திருந்தேன். தப்புதான்.

இன்னொருவர்: அவசரச் செய்தி என்றால்?

ப: அது வேறு. 2004 டிசம்பரில், அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேசுவதற்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, சுனாமி அடித்ததும் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியது. அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் ஒதுங்க வேண்டியதுதான். நாற்பது பேர் காலை வணக்கம் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

கே: ஒருவர் வேண்டுமென்றே என் சிக்னல் மேல் விசில் அடிக்கிறார்.

ப: பதில் பேசாதீர்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

கே: சத்தமே இல்லை என்றால் நேராக சிக்யூ கொடுக்கலாம்தானே?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: அலைவரிசை காலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ப: முதல் பதில் தம்பி, முதல் பதில்! டீ ஆறுகிறது எனக்கு.