காய்ச்சல் வலிப்புக்கு ஜிங்க் குறைவுதான் காரணமா?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம், எடை 11 கிலோ. போன வாரம் காய்ச்சலில் இரண்டு நிமிடம் கை கால் வெட்டி இழுத்தது. அன்றே எடுத்த ரத்தத்தில் ஜிங்க் குறைவு என்று வந்தது. ஜிங்க் சிரப் கொடுத்தால் மறுபடி வராமல் இருக்குமா?

பதில்: காய்ச்சல் நாளில் எடுத்த ஜிங்க் அளவை அப்படியே நம்ப முடியாது. தொற்று வந்தால் ரத்தத்திலுள்ள ஜிங்க் (துத்தநாகம்) கல்லீரலுக்குப் போய்விடும். குறைபாடே இல்லாத குழந்தைக்கும் எண் இறங்கும். வெறும் காய்ச்சல் வந்த குழந்தைகளைவிட வலிப்பும் வந்தவர்களிடம் ஜிங்க் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் சிரப் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நிரூபணமாகவில்லை. வலிப்புக்காக மட்டும் அதை வாங்க வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது இரும்பை. இரும்புக் குறைபாட்டுக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. குறைபாடு இருந்தால் வலிப்பு வந்தாலும் வராவிட்டாலும் சரிசெய்தே ஆக வேண்டும். இங்கே சிக்கல் தலைகீழ்: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் காய்ச்சலில் ஏறும், குறைபாட்டை மறைக்கும். எனவே காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்கும், ஃபெரிட்டின் 12க்கும் கீழே என்றால் குறைபாடு. மருத்துவர் பெரும்பாலும் கிலோவுக்கு 3 மி.கி. வீதம், உங்கள் மகனுக்கு நாளுக்கு 33 மி.கி. இரும்பு எழுதுவார். பாட்டிலில் போட்டிருப்பது இரும்பு உப்பின் எடையா, அதிலுள்ள தனி இரும்பின் அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறு நடப்பது இங்கேதான். பாலோடு கொடுத்தால் உடலில் சரியாகச் சேராது. மலம் கறுப்பது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், அளவு மீறினால் இரும்பு கடும் நஞ்சு.

கால்சியம், சோடியம் குறைவு வேறு கதை. அவை மிகவும் இறங்கினால் காய்ச்சலே இல்லாமலும் வலிப்பு வரும். ஒரே தடவை, உடல் முழுவதும், 15 நிமிடத்துக்குள் நின்று, குழந்தை பழையபடி ஆகிவிட்டால் அவற்றை வழக்கமாகப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடி வரலாம். பாராசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாலோ, நின்ற பின்னும் குழந்தை தெளியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.