பட்ஜெட் வாசித்த அன்றே அரசு பணத்தைச் செலவழிக்கலாமா?

முடியாது. தமிழ்நாட்டில் நிதியமைச்சர் வாசிப்பது, அரசியலமைப்பின் 202-ஆவது பிரிவு கேட்கும் வரவு செலவு மதிப்பீடு மட்டும்தான். டிவியில் நாம் பார்ப்பது அதோடு முடிந்துவிடுகிறது. உண்மையான வேலை அப்புறம்தான் தொடங்குகிறது.

சட்டமன்றத்தில் பொது விவாதம் முடிந்ததும் துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வரும், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையிடம் பணம் கேட்பது. பள்ளிக் கல்விக்கு ஒரு நாள், காவல்துறைக்கு ஒரு நாள் என்று. அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். தொகையைக் குறைக்கச் சொல்லலாம், கூட்டச் சொல்ல முடியாது. கடன் வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவற்றுக்கு வாக்கெடுப்பே கிடையாது, பேசலாம், அவ்வளவுதான்.

எல்லாம் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்க மசோதா. அதற்கு ஆளுநர் ஒப்புதல் கிடைத்தால்தான் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் வருவாய் சேரும் பொதுக் கணக்கிலிருந்து, பணம் எடுக்க முடியும். 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதால் இங்கே ஒரே அவையோடு வேலை முடிகிறது.

தேர்தல் ஆண்டில் இத்தனைக்கும் நேரம் இருக்காது. அதனால் இடைக்கால பட்ஜெட் வைத்து, சில மாதச் செலவுக்கு மட்டும் முன்பண மானியம் வாங்கிக்கொள்வார்கள்.

என்னைக் கேட்டால், பட்ஜெட் உரையைவிட மானியக் கோரிக்கை விவாதங்களைப் படியுங்கள். உங்கள் ஊர்ப் பாலம் அங்கேதான் பேசப்படும்.